ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் அளவுக் கருவியும் அதன் பாட்டரியும்

நமது ராசிபுரம் வட்டாரத்தில் நீரின் நிலை தெரியாமல் வேளாண்மையும் நடவாது, நெசவும் நடவாது என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட நமது பூமி மேட்டுப்பாங்கானது. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டிலேயே கட்டி முடிக்கப்பட்டபோதிலும் அதன் கால்வாய்கள் நம் பக்கம் ஏறி வரவில்லை. நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்கும், மேட்டுக்காட்டுக் குச்சிக்கிழங்கிற்கும், குருசாமிபாளையத்திலும் வெண்ணந்தூரிலும் நூலுக்குச் சாயம் ஏற்றும் தொட்டிக்கும் நிலத்தடி நீரே பெரும்பாலும் கதி. அந்த நீரோ மணற்படுகையில் தேங்கி நிற்பதன்று. கருங்கல் பாறையின் வெடிப்புகளில் ஒளிந்து நிற்பது.

கவலை இறைத்த காலத்தில் கிணற்றில் எவ்வளவு நீர் இருக்கின்றது என்பதை அறியக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. எட்டிப் பார்த்தால் தெரிந்தது. அல்லது கயிற்றின் முடிச்சு சொல்லிற்று. ஆறரை அங்குல விட்டத்தில் எழுநூறு அடி ஆழம் போகும் ஆழ்துளைக் கிணற்றில் எட்டிப் பார்த்து ஒன்றும் காண்பதற்கில்லை. சிலர் சிறு கல்லைப் போட்டு, அது நீரில் விழும் ஓசைக்கு எண்ணிக்கை வைப்பதுண்டு. இருநூறு அடிக்கு மேல் ஆழமானால் கல் விழுந்து ஓசை திரும்பச் சுமார் நான்கு விநாடி ஆகும் என்பது உண்மையே. ஆனால் கல் நேராக விழுவதில்லை. குழாயிலும் பாறையிலும் மோதி மோதி விழும். அதனினும் பெரிய கேடு, அக்கல் மோட்டாரின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளுமானால், பின்னர் மோட்டாரை மேலே தூக்க முற்படும்போது அது ஆப்புப்போல் இறுகி, மோட்டாரும் போய்க் கிணறும் போகும். அங்கத்தினர்கள் இவ்வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

கல்லுக்குப் பதிலாக உபயோகிக்கக்கூடிய எளிய கருவி ஒன்று உண்டு. அளவு குறித்த நீண்ட நாடா. அதன் நுனியில் ஒன்றையொன்று தொடாத இரண்டு உலோக முனைகள். மேலே சுருள் சட்டத்தில் ஒன்பது வோல்ட் பாட்டரியும் ஒரு மணியும். நுனி நீரைத் தொட்ட கணத்தில் நீர் வழியே மின்னோட்டம் பாய்ந்து மணி ஒலிக்கும். நாடாவில் அப்போது என்ன அளவு வாயில் விளிம்பில் நிற்கின்றதோ அதுவே நீரின் ஆழம். இதற்கும் முந்தியது, இரும்பு நாடாவின் கீழ்ப்பகுதியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து இறக்கி, நனைந்த அடையாளத்தைப் பார்த்துக் கணக்கிடும் முறை. இவ்விரண்டும் இன்றும் நம்பத்தக்கவையே. ஆயினும் இவை அந்த ஒரு கணத்தின் நீர்மட்டத்தை மட்டும் தெரிவிக்கும். மோட்டார் ஓடும்போது நீர் எவ்வளவு வேகமாக இறங்குகின்றது, நிறுத்திய பின்னர் எவ்வளவு வேகமாக ஊறி ஏறுகின்றது என்பதை அறிய வேண்டுமானால் ஒருவர் இரவு பகலாகக் கிணற்றடியில் நாடாவும் கடிகாரமுமாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்வதற்கென்றே நீருக்குள் தொங்கும் பதிவுக் கருவி வந்திருக்கின்றது. அரசினரின் நோக்குக் கிணறுகளில் இவ்வகைக் கருவிகள் பலகாலமாக உபயோகத்தில் உள்ளன. உலக வங்கியின் உதவியுடன் 1995 முதல் 2003 வரை ஒன்பது மாநிலங்களில் நடந்த முதலாவது நீரியல் திட்டத்தில் தமிழ்நாடும் ஒன்று. நோக்குக் குழாய்களில் தானே பதிவு செய்யும் கருவிகளை இறக்கும் வழக்கம் அத்திட்டத்தினால் பரவிற்று. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய நீரியல் திட்டத்தில், பதிவை உடனுக்குடன் தொலைபேசி அலை வழியாக அலுவலகத்திற்கு அனுப்பும் கருவிகளும் வந்தன. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் நோக்குக் கிணறுகளை ஆண்டிற்கு நான்கு முறை அளந்து வருகின்றது. இவ்வளவும் நாட்டின் பொது நிலையை அறிவதற்குப் போதுமானவை. நமது தோட்டத்துக் கிணற்றின் நிலையை நாமே அளந்தாலன்றி வேறு யாரும் வந்து சொல்லப் போவதில்லை. அதன் பொருட்டே நமது சங்கம் அத்தகைய கருவி ஒன்றை வாங்கி அங்கத்தினர்களுக்கு இரவலாகக் கொடுத்து வருகின்றது. அதை இறக்கும் முறையும், பாட்டரியைப் பேணும் முறையும் இன்னும் பலருக்குத் தெளிவாகவில்லை ஆதலால் இக்கட்டுரை எழுத நேர்ந்தது.

கருவி வேலை செய்யும் விதம்

கருவி ஒரு சாண் நீளமுள்ள எஃகுக் குழல். அதன் அடிமுனையில் மெல்லிய உலோகத் தகடு ஒன்று நீரின் அழுத்தத்திற்கு முகங்கொடுத்து நிற்கின்றது. மேலே நிற்கும் நீரின் எடையால் அத்தகடு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அவ்வளைவை மின்சுற்று அளந்து, நீரின் உயரமாக மாற்றி, நாம் குறித்துக் கொடுத்த இடைவெளியில் நேரத்துடன் சேர்த்துப் பதிந்துகொள்ளும். பத்து மீட்டர் நீர் நின்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். எண்பது மீட்டர் நின்றால் எட்டுக் கிலோ.

இதில் புதியவர்கள் எல்லோரும் தவறுவது ஓரிடத்தில். நீருக்கு மேல் காற்று நிற்கின்றது. காற்றுக்கும் எடை உண்டு. நமது ஊரின் மேல் நிற்கும் காற்று ஏறக்குறைய பத்து மீட்டர் நீருக்குச் சமமாக அழுத்துகின்றது. சில கருவிகளில் வடத்தினுள் நுண்குழாய் ஒன்று மேல்வரை வந்து, காற்றின் அழுத்தத்தைத் தகட்டின் மறுபுறத்திலும் செலுத்தி அதைத் தானே கழித்துவிடும். சங்கத்தின் கருவி அவ்வகையன்று. காற்றையும் சேர்த்தே காட்டும். ஆகவே இறக்குமுன் கிணற்றடியில் நிழலில் கால்மணி நேரம் வைத்து, அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நீருக்குள் காட்டும் எண்ணிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். இதை மறந்த ஒருவர் தம் கிணற்றில் பத்து மீட்டர் நீர் கூடிவிட்டதாக மகிழ்ந்து ஊரெல்லாம் சொல்லிவிட்டார். காற்றின் அழுத்தம் காலைக்கும் மாலைக்கும் சிறிது மாறும். அதனால் மூன்று நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம் தோன்றலாம். நமது தேவைக்கு அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இறக்கும் முறை

முதலாவதாக மோட்டாரின் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துக. ஸ்டார்ட்டரில் நிறுத்தினால் போதாது. ஆழத்தில் வயரின் மேலுறை உரசி எங்கேனும் கிழிந்திருக்கலாம்; ஈர வடத்தைப் பிடித்து நிற்பவர் உயிருக்கு அது அபாயம்.

இரண்டாவதாக, கருவியை மோட்டார்க் குழாயின் பக்கத்தில் வெறுமனே இறக்கக் கூடாது. வடமும் மோட்டார் வயரும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். பாவு நூல் சிக்கலைப் பிரிக்கத் தெரிந்த நம்மவராலும் அந்தச் சிக்கலை ஐந்நூறு அடி ஆழத்தில் பிரிக்க இயலாது. மோட்டார் இறக்கும்போதே அதன் குழாயுடன் சேர்த்து ஒன்றேகால் அங்குலப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மோட்டாருக்குச் சற்று மேல்வரை கட்டி இறக்கிவிட வேண்டும். அடிமுனையிலும் பக்கங்களிலும் துளைகள் இருத்தல் அவசியம். இனி மோட்டாரைத் தூக்கிப் பழுதுபார்க்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அந்தச் சமயத்திலேயே இக்குழாயைப் பொருத்திவிடுமாறு வேண்டுகிறோம். பின்னர் இதற்கென்று மட்டும் மோட்டாரைத் தூக்கும் கூலி வீண்.

மூன்றாவது, கருவியின் தாங்கும் எல்லை. நமது கருவி நூறு மீட்டர் நீருக்கு மேல் தாங்காது. நீர்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் என்பதே கணக்கு, தரையிலிருந்து அன்று. ஆகவே மணி நாடாவினால் முதலில் நீர்மட்டத்தை அறிந்துகொண்டு, அதன்பிறகே இறக்கும் ஆழத்தைத் தீர்மானிக்க வேண்டும். எல்லையைக் கடந்தால் தகடு நெளிந்துவிடும். அதன்பின் அது சொல்வதெல்லாம் பொய்.

இறக்கியபின் வடத்தை வாயில் விளிம்பில் அசையாதபடி கட்டி, கட்டிய இடத்தில் துணிப்பட்டை ஒன்றைச் சுற்றி அடையாளம் செய்க. வடம் ஒரு முழம் நழுவினால் நீர் ஒரு முழம் ஏறியதாகக் கருவி சொல்லும்.

ஓர் அங்கத்தினரின் கிணறு

சென்ற பங்குனியில் நடந்த ஒரு விஷயத்தைக் கூறினால் இக்கருவியின் பயன் விளங்கும். இரண்டு தறியும் ஏக்கர் சொச்சம் குச்சிக்கிழங்கும் உள்ள ஓர் அங்கத்தினர், கிணற்றை எழுநூறு அடியிலிருந்து ஆயிரம் அடிக்கு இறக்கக் கடன் கேட்டு விண்ணப்பத்துடன் வந்தார். “நாற்பது நிமிஷம் ஓடினா மோட்டார் காத்தை இழுக்குதுங்க. தண்ணி அத்துப்போச்சு. இன்னும் முந்நூறு அடி போட்டாத்தான் ஆகும்னு போர்க்காரர் சொல்றாருங்க” என்றார். தறியில் இருந்த சேலையை முடித்து அந்தக் கூலியையும் இதிலேயே போடுவதாகச் சொன்னார். விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நான்கு நாள் பொறுக்கும்படி வேண்டி, கருவியை அவர் கிணற்றில் இறக்கினோம்.

காலையில் நீர்மட்டம் தரையிலிருந்து 65 மீட்டரில் நின்றது. அவருடைய மோட்டார் 150 மீட்டரில் தொங்குகின்றது; அதாவது ஏறக்குறைய 490 அடி. கருவியை 148 மீட்டரில் நிறுத்தினோம். மோட்டாரின் வேகத்தை அறிய இருநூறு லிட்டர் பீப்பாய் ஒன்றை வைத்துப் பார்த்ததில் மூன்று நிமிடம் இருபது விநாடியில் நிறைந்தது. நிமிடத்திற்கு அறுபது லிட்டர்.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஆறரை அங்குலத் துளையில் ஒரு மீட்டர் உயரத்திற்கு இருபத்தொரு லிட்டர் நீரே கொள்ளும். இதை நம்மில் பெரும்பாலோர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஐந்நூறு அடி, எழுநூறு அடி என்று சொல்லும்போது பெரிய ஏரியொன்றைச் சொல்வது போலிருக்கும். உண்மையில் அது ஒடுங்கிய குழல். 65 மீட்டரிலிருந்து 150 மீட்டர் வரை எண்பத்தைந்து மீட்டரில் அடங்குவது சுமார் 1,800 லிட்டர்தான். மோட்டார் முதலில் அந்தச் சேமிப்பையே இறைத்துத் தீர்க்கின்றது. அது தீர்ந்தால் காற்றை இழுக்கின்றது.

அவ்வாறாயின் ஊற்று எவ்வளவு? அதைத்தான் கருவி காட்டிற்று. மோட்டாரை நிறுத்தியபின் நீர் கருவியைத் தொட்ட நேரத்திலிருந்து முதல் அரைமணியில் இருபத்தொரு மீட்டர் ஏறியிருந்தது. இருபத்தொன்றை இருபத்தொன்றால் பெருக்கினால் நானூற்று நாற்பது சொச்சம் லிட்டர். நிமிடத்திற்குப் பதினைந்து லிட்டர் ஊற்று. மேலே ஏற ஏற வேகம் குறைந்தது, அது இயல்பு. நான்கு மணி நேரத்தில் பழைய மட்டத்திற்கு ஒரு மீட்டர் குறைவாக வந்து நின்றது. நான்கு நாளும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஆகக் கிணற்றில் நீர் அற்றுப்போகவில்லை. பதினைந்து லிட்டர் ஊறும் கிணற்றில் அறுபது லிட்டர் இறைக்கும் மோட்டார் நாற்பது நிமிடம் ஓடினால் காற்றை இழுக்காமல் வேறென்ன செய்யும்? அவர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, காற்று வரும்வரை ஓட்டி, நாளுக்கு 4,800 லிட்டர் எடுத்துவந்தார். அதற்குப் பதிலாக அரைமணி ஓட்டி இரண்டு மணி நேரம் நிறுத்தி, நாளுக்கு ஆறு முறை ஓட்டினால் 10,800 லிட்டர் கிடைக்கும். மோட்டாரும் வறண்டு ஓடித் தேயாது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு தரைத் தொட்டியும், தானே நிறுத்தி ஓட்டும் டைமர் ஒன்றும். அவர் முதல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, தொட்டிக்கு மட்டும் கடன் வாங்கிக்கொண்டார். ஆயிரம் அடிக்குப் போயிருந்தால் நீர் கிடைத்திருக்காது என்று அடித்துச் சொல்ல யாராலும் இயலாது. ஆனால் நமது கடினப் பாறையில் ஆழம் போகப்போக வெடிப்புகள் அருகிக்கொண்டே போகின்றன என்பது பொதுவாகக் கண்ட உண்மை.

இதே கருவி மற்றோர் அங்கத்தினருக்கு நல்ல செய்தி சொல்லவில்லை என்பதையும் ஒளிக்காமல் கூற வேண்டும். அவர் கிணற்றில் முழு இரவு கழிந்தும் ஏழு மீட்டரே ஏறிற்று. அவரிடம் மஞ்சள் போட வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. நடுமுன் தெரிந்துகொண்டதால் விதைக் கிழங்கின் செலவாவது மிஞ்சிற்று. 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தினும் 62 சதவீதம் குறைந்து, 1917 அன்று, 2017ஆம் ஆண்டு ஜனவரியில்தான், எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என அறிவிக்கப்பட்டதை நினைத்தால், அவ்வறிவு நம்மில் எத்தனை பேருக்கு அப்போது கிடைத்திருக்கலாம் என்று தோன்றுகின்றது.

பாட்டரியும் சார்ஜ் ஏற்றுதலும்

இனிக் கருவியின் உயிர் நிலையமாகிய பாட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஏனெனில் கருவி கெட்டது ஒரே ஒருமுறை. அது கிணற்றில் கெடவில்லை, அலமாரியில் கெட்டது. சாவி என்னிடம் இருந்தமையால் அக்குற்றமும் என்னுடையதே.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்த ஓர் ஆண்டு. யாரும் கருவியைக் கேட்கவில்லை. அதைத் துடைத்து இரும்பு அலமாரியில் வைத்துவிட்டேன். பதிவை நிறுத்தும் கட்டளையைக் கொடுக்க மறந்துவிட்டேன். அது இருட்டறையில் நிமிடத்திற்கு ஒருமுறை காற்றின் அழுத்தத்தை எழுதிக்கொண்டே மாதக்கணக்கில் இருந்து, பாட்டரியை அடியோடு தீர்த்துவிட்டது. வைகாசியில் வெளியே எடுத்துச் சார்ஜரில் பொருத்தினால் விளக்கே எரியவில்லை. உதவி செய்யும் எண்ணத்துடன் ஓர் இளைஞர், மோட்டார் சைக்கிளின் பன்னிரண்டு வோல்ட் பாட்டரியிலிருந்து இரண்டு வயரை நேரே கொடுத்து “உசுப்பி” விடலாம் என்றார். தடுக்காமல் நின்றேன். சில நிமிடத்தில் கலம் சூடேறி உப்பிற்று. வயரைப் பிடுங்கி வெளியே மணலில் எறிந்தோம். தீப்பற்றாதது நமது பாக்கியம். புதிய கலம் வந்து சேரும்வரை அந்தக் கோடை முழுவதும், கருவி தேவைப்பட்ட நாட்களில், கேட்டு வந்தவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர்.

இது ஏன் நேர்ந்தது? நம்மவர்க்குப் பழக்கமான பாட்டரி டிராக்டரிலும் இன்வர்ட்டரிலும் உள்ள ஈய பாட்டரி. 1859ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு பிளாண்டே கண்டுபிடித்த அதே இனம். அதை எப்போதும் நிறைத்தே வைக்க வேண்டும். குறைவாக விட்டால் தகட்டில் வெண்படிவம் கட்டிக் கெடும். நமது கருவியில் இருப்பதோ லித்தியம்-அயனி பாட்டரி. 1991ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்து, கைப்பேசியெங்கும் பரவி, 2019ஆம் ஆண்டில் அதை உருவாக்கிய மூவருக்கு நோபல் பரிசை வாங்கித் தந்த இனம். இதன் குணம் வேறு. நிறைத்து வெப்பத்தில் வைத்தாலும் கெடும். அடியோடு தீர விட்டாலும் கெடும். நெடுநாள் வைப்பதாயின் பாதி நிறைந்த நிலையில், குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஒன்றின் பழக்கத்தை மற்றொன்றிற்குக் கொண்டுபோவதே பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம்.

இந்தக் கலம் நிறைந்த நிலையில் 4.2 வோல்ட், வேலை செய்யும்போது சுமார் 3.7. மூன்று வோல்ட்டுக்குக் கீழே போனால் ஆபத்தான எல்லை நெருங்குகின்றது. அதற்கும் கீழே நெடுநாள் கிடந்தால் உள்ளே செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றினால் கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே குறுக்குத் தொடர்பு உண்டாகும். சார்ஜர் விளக்கு எரியாமல் மறுத்தது, அந்த ஆபத்தை அறிந்து பாதுகாப்புச் சுற்று கதவைச் சாத்தியதனால்தான். சாத்திய கதவை நாங்கள் உடைத்துத் திறந்தோம்.

ஆகவே நடைமுறை இதுதான். கிணற்றில் இறக்குவதற்கு முந்தின நாள் கருவியுடன் வந்த சார்ஜரிலேயே ஏற்றுக. வேறு சார்ஜர் முனை பொருந்தினாலும் வோல்ட் பொருந்தாமல் இருக்கலாம். சார்ஜர் முதலில் சீரான மின்னோட்டத்தை அனுப்பும், கலம் 4.2 வோல்ட்டை எட்டியதும் அந்த அழுத்தத்தை மாற்றாமல் வைத்து ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கும். ஆதலால் முதல் பெரும்பங்கு விரைவில் ஏறிவிட, கடைசிச் சிறு பங்கு மெல்ல மெல்ல ஏறும். சார்ஜர் பழுது என்று எண்ணிப் பாதியில் பிடுங்க வேண்டாம். பிடுங்கினாலும் கேடில்லை, இந்த இனத்திற்கு அரைகுறையாக ஏற்றுவது தீங்கன்று.

சித்திரை வைகாசியில் தகரக் கூரையின் கீழ் பகலில் சார்ஜ் ஏற்றக் கூடாது. 45 டிகிரி வெப்பத்திற்கு மேல் இக்கலத்திற்கு ஏற்றுவது தகாது. நம் தகரக் கொட்டகை உச்சிவேளையில் அதை எளிதில் எட்டும். விடியற்காலையே உகந்தது. பஞ்சு, நூல், பட்டுக் கழிவு இருக்கும் தறிக்கூடத்தில் ஒருபோதும் ஏற்ற வேண்டாம். சிமிட்டித் தரையில், கண்பார்வையில் வைத்து ஏற்றுக.

நிமிடத்திற்கு ஒருமுறை பதியச் சொன்னால் பாட்டரி விரைவில் தீரும். கால்மணிக்கு ஒருமுறை என்றால் பலமடங்கு நாள் வரும். ஊற்றைப் பார்க்கும் முதல் நாளுக்கு நிமிடக் கணக்கும், பிறகு கால்மணிக் கணக்கும் போதும். திருப்பித் தருபவர் பதிவை நிறுத்திவிட்டு, பாட்டரி எத்தனை பங்கு உள்ளது என்பதைப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். சங்கத்தில் அதைப் பாதியளவில் வைத்து, மூன்று மாதத்திற்கு ஒருமுறை பார்க்க ஏற்பாடு செய்திருக்கின்றோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அரசினர் கிணறுகளில் தொங்கும் கருவிகள் பலவற்றில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் வேறு லித்தியக் கலம் இருக்கும். அது ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். மறுபடி ஏற்றும் வகையன்று. ஏற்றினால் வெடிக்கும். பழைய கருவி எதையேனும் மலிவாக வாங்கும் அன்பர்கள், உள்ளே இருப்பது எந்த இனம் என்று தெரியாமல் சார்ஜரைப் பொருத்த வேண்டாம். உப்பிய கலத்தைக் குத்துவதும், அடுப்பில் போடுவதும், குப்பையில் எறிவதும் கூடாது. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பாட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு அதை உற்பத்தி செய்தவர்க்கு உண்டு. சங்கத்தில் கொடுத்தால் சேர்த்து அனுப்புகின்றோம்.

மூடியும் ரப்பர் வளையமும்

சார்ஜ் ஏற்றும் துளை கருவியின் மூடிக்குள் இருக்கின்றது. ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து மூட வேண்டியிருப்பதால், நீர் புகும் வாய்ப்பும் அங்கேதான். எண்பது மீட்டர் ஆழத்தில் நான்கு சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் மேல் நீர் அழுத்தும் பளு நூறு கிலோ. அந்தப் பளுவைத் தடுத்து நிற்பது மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று. அதன்மேல் ஒரு மயிரோ, மணல் துகளோ கிடந்தால் நீருக்கு அதுவே வாய்க்கால். நெசவாளர் வீட்டில் நூலிழை பறக்காத இடம் ஏது? ஒற்றைப் பருத்தி இழை போதும், திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் நீரை உள்ளே இழுத்துவிட.

கிணற்றிலிருந்து எடுத்தவுடன் திறக்காமல், நன்றாகத் துடைத்து, நிழலில் ஈரம் உலர்ந்தபின் மூடி மேல்நோக்கியிருக்கத் திறக்க வேண்டும். வளையத்தை ஊசியாலோ கத்தியாலோ கிளப்பக் கூடாது. விரலால் தள்ளியே எடுக்கலாம். வளையமும் அது அமரும் பள்ளமும் இழை உதிராத துணியால் துடைக்கப்பட வேண்டும். பழைய வேட்டித்துணி உதவாது. பிறகு சிலிகோன் பசையைப் பயறு அளவு எடுத்து, வளையம் பளபளக்கும் அளவிற்கு மட்டும் தடவுக. தேங்காயெண்ணெய், மோட்டார் எண்ணெய், வாசலைன் முதலியன சில ரப்பர்களை ஊதிப் பருக்கச் செய்யும். மூடியைக் கையால் இறுக்கினால் போதும், குறடு வேண்டாம். நீரின் பளுவே அதை மேலும் இறுக்கும். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்று உண்டு. மழைநாளில் திறந்தால் அதைப் புதிதாக மாற்றுவது நலம்.

சாயத் தொட்டிக்கு

இக்கருவியின் பெட்டியில் நீரின் உப்பை அளக்கும் மற்றொரு முனையும் இருக்கின்றது. நெசவாளர் பலர் அதைக் கேட்பதில்லை. உப்பு மிகுந்த நீர் மின்சாரத்தை மிகுதியாகக் கடத்தும். அதை மைக்ரோ சீமென்ஸ் என்னும் அளவில் காட்டும். பாசனத்திற்கு 750 வரை கவலையில்லை. 2,250ஐத் தாண்டினால் பயிரும் மண்ணும் கெடும். அளக்குமுன் 1,413 என்று எழுதிய திரவத்தில் முனையைத் தோய்த்து, அதே எண்ணைக் காட்டுகின்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சாயத்திற்கு இந்த எண் மட்டும் போதாது. சுண்ணாம்புச் சத்தாகிய கடினத்தன்மையே நிறத்தை மங்கச் செய்வது. ஆயினும் ஒரே கிணற்றில் இவ்வெண் திடீரென ஏறினால், சென்ற மாதம் வந்த நிறம் இம்மாதம் வராது என்பதற்கு அது முன்னறிவிப்பு. மாதிரிக் கழி ஒன்றைத் தோய்த்துப் பார்த்தபின் முழுப் பாவு நூலையும் இறக்கலாம். கோடையில் மட்டம் இறங்கும்போது இவ்வாறு ஏறுவதுண்டு. தொட்டி அங்கத்தினரின் கிணறே பங்குனியில் 65 மீட்டரிலிருந்து வைகாசிக் கடைசியில் 78க்கு இறங்கியது. உப்பும் அதனுடன் கூடிற்று. அவர் இப்போது ஓட்டும் நேரத்தை அரைமணியிலிருந்து இருபத்தைந்து நிமிடமாகக் குறைத்திருக்கின்றார்.

கருவி தற்போது சங்க அலுவலகத்தில் உள்ளது. கேட்பவர்கள் தமது கிணற்றின் ஆழம், மோட்டார் நிற்கும் ஆழம், பிளாஸ்டிக் குழாய் உண்டா இல்லையா என்னும் மூன்று விவரங்களையும் எழுதிக் கொண்டுவருக. மோட்டார் ஆழம் நினைவில்லாதவர்கள், இறக்கியவரிடம் எத்தனை நீளம் குழாய் போட்டார் என்று கேட்டால் தெரியும்.